சந்தனம் வைத்த ஆமை

"அந்தப் பக்கம் ஒண்ணுமில்லைங்கேன், நீ இந்தக் குடையைப் பாரு, தானே உதறிக்கிடுதாம், உனக்குப் பிடிக்கும்லா—"

"வழியை விடுங்க."

"—மகளுக்கும் ஒண்ணு எடுத்தா—"

"வழியை விடுங்கன்னா! ஊரு விட்டு ஊரு வந்தும் நான் எதைப் பாக்கணும்னு நீங்கதான் சொல்லணுமா?"

ஒசாகாவில் ஒரு வீட்டுச்சாமான் கடை, ஏழாவது மாடி. திருநெல்வேலியிலிருந்து மூன்றே மணி நேர விண்பயணத்தில் மகளைப் பார்க்க வந்ததிலிருந்து செண்பகவடிவுக்குத் தினமும் இதுதான் வேலை. மகள் ஆபீஸ் கிளம்பியதும் காதில் செவிமொழியை மாட்டிக்கொண்டு வந்துவிடுவாள். எந்தச் சாமானை எடுத்தாலும் அது என்ன, எதற்கு என்று அந்தச் சின்னக் கருவி தமிழில் காதோடு சொல்லும். பலகாரம் தின்னும்போது எண்ணெய் ஒட்டாமலிருக்க விரலுக்கு ஒரு தொப்பி. மழை வாடை பட்டதும் துணியோடு தன்னைச் சுருட்டிக்கொள்ளும் கொடிக்கயிறு. நாற்காலிக் கால்களுக்குப் பூனைப்பாதக் காலுறை. 'இதுக்குன்னு ஒருத்தன் உக்காந்து யோசிச்சிருக்கான் பாருங்களேன்' என்று ஒவ்வொன்றுக்கும் சிரிப்பாள்.

நாலு நாளாகப் பையைத் தூக்கிக்கொண்டு பேசாமல் பின்னால் வந்த கணவர் சங்கரலிங்கம், இன்று கடைசி வரிசைக்கு முன்னால் கையை விரித்துக்கொண்டு நின்றார். அறுபத்தெட்டு வயதில் கபடி. அவள் அவர் கைக்குக் கீழே குனிந்து, இடது காலை இழுத்துக்கொண்டு உள்ளே போனாள்.

அலமாரி முழுக்கப் பச்சைப் பீங்கான் ஆமைகள்.

"அட, நம்ம ஆமை!"

ஏழு வருஷத்துக்கு முன் ஆபீஸ் வேலையாக இந்த ஊருக்கு வந்தபோது அவர் வாங்கி வந்தது. ஆயுசுக்கு நல்லதாம், கூடத்தில் அவர் நாற்காலிக்குப் பக்கத்தில்தான் இருக்க வேண்டுமாம். வெள்ளிக்கிழமை தவறாமல் அதைத் துடைத்து, சந்தனம் தொட்டு, தலையில் ஒரு பூவும் வைத்து வந்தாள்.

ஒன்றைக் கையில் எடுத்தாள். செவிமொழி பேசியது:

'ஒலிவிழுங்கி. நீங்கள் பதிவு செய்த ஒருவரின் குரல் உயரும்போது, இதன் அருகில் இருப்பவர் காதில் அது விழாது. தணிந்த பேச்சு விழும். பாட்டுப் பழகுகிறவர்கள் தங்கள் குரலைப் பதிந்து அண்டை வீட்டாருக்கு அன்பளிப்பாகக் கொடுப்பது வழக்கம். குரலுக்கு உரியவர் தம் வாயால் சம்மதம் சொன்னால் மட்டுமே இயங்கும். இந்தியா உட்படச் சில நாடுகளில் விற்பனைக்குத் தடை.'

அவள் அதை இரண்டாம் தரமும் சொல்லச் சொல்லிக் கேட்டாள். பிறகு திரும்பினாள்.

"நம்ம வீட்டு ஆமைக்குள்ள யாரு குரலு?"

"மெதுவாப் பேசு, நாலு பேரு பாக்காங்க—"

"மெதுவாப் பேசினாத்தான உங்களுக்குக் கேக்கும்! யாரு குரலுன்னு கேட்டேன்."

"உன்னுதுதான்."

"நான் எப்போ சம்மதம் சொன்னேன்?"

"கடையிலேர்ந்து போன் பண்ணினேன்லா. ஒரு சாமான் வாங்குதேன், உனக்குச் சம்மதமான்னு."

சொன்னாள்தான். கல்யாணமாகி அத்தனை வருஷத்தில் அவர் அவளிடம் சம்மதம் கேட்டது அந்த ஒரு தரம். 'சம்மதம், சம்மதம்' என்று இரண்டு முறை சொன்னாள். எதிர்வீட்டுக் கோமுவிடம் போய்ப் பெருமையடித்தும் வந்தாள்.

"ரிட்டயராகி வீட்டோட கெடக்கப் போறோமே, நிம்மதியா பேப்பர் படிக்கலாம்னுதான் செண்பகம். கோவத்துல நீ கத்துதது மட்டுந்தான் கேக்காதுன்னு நெனைச்சேன்."

"அடுப்படியில விழுந்து இடுப்பெலும்பு முறிஞ்சு கெடந்தேனே, அது கோவமா?"

"ஏட்டி, இங்க வேண்டாம். வீட்டுக்குப் போய்—"

"முக்கா மணி நேரம்! தொண்டை கிழியக் கத்தினேன். பத்தடி தள்ளி உக்காந்திருந்திய. குழாய்த்தண்ணி கூடத்துக்கு வந்து உங்க காலை நனைச்ச பிறகுதான எந்திரிச்சு வந்திய? 'நீ கூப்பிடவே இல்லையே, மயங்கிட்டே'ன்னிய. டாக்டர்கிட்டயும் அதையே சொன்னிய. அவரு என்ன செய்வாரு பாவம், ஞாபகத்துக்கு மாத்திரை எழுதினாரு. கத்தினதா நானே கற்பனை பண்ணிக்கிட்டேன்னு நம்பி, மூணு வருஷமா முழுங்குதேன்!"

"அன்னைக்கு நெசமாவே கேக்கல. உன் மேல சத்தியம்."

"கேக்கல. சரி. எதனால கேக்கலைன்னு எப்போ தெரிஞ்சுது?"

அவர் பையை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றினார். பூனைப்பாதக் காலுறை ஒன்று நழுவிக் கீழே விழுந்தது. எடுக்கவில்லை.

"பொய் சொல்லாதீங்க. எப்போ?"

"உன்னைப் படுக்க வச்சிட்டு, ஆஸ்பத்திரியிலேர்ந்து மாத்துத்துணி எடுக்க வீட்டுக்கு வந்தேன்லா. நாற்காலிப் பக்கத்துல ஆமையைப் பாத்ததும், அப்பவே."

அலமாரிக்கு அந்தப் பக்கம் நின்ற கடைப்பெண் ஏதோ சொன்னாள். செவிமொழி, 'உதவி வேண்டுமா என்று கேட்கிறார்' என்றது. செண்பகவடிவு அதைக் காதிலிருந்து பிடுங்கி எடுத்தாள். குரலைத் தணித்தாள். இத்தனை வருஷத்தில் அவ்வளவு மெதுவாக அவரிடம் அவள் பேசியதே இல்லை.

"தெரிஞ்ச பிறகும் அதை ஏன் அணைக்கல?"