எழுபத்தொரு கிலோ சுண்டெலி

சிறுமலையில் அன்று காலை நாற்பது சுண்டெலிகளுக்கு இதயச் சோதனை. காட்டில் பிறக்கும் எந்த எலியும் பிறவி இதயக் குறையோடு வாழக்கூடாது என்பது அந்த நூற்றாண்டின் சிற்றுயிர்ச் சட்டம். கடலைமிட்டாயில் மயக்க மருந்து வைத்துப் பிடிப்பார்கள். செவிப்பலகையில் கிடத்தினால் அது இதயத்தைக் கேட்டுச் சொல்லும். ஓட்டை இருந்தால் 'நூலன்' என்ற இழை ரோபோ ரத்தக்குழாய் வழியே போய் அடைத்துவிடும். பிறகு பிடித்த இடத்திலேயே விட்டுவிட வேண்டும்.

டாக்டர் சவரிமுத்துவுக்கு வயது ஐம்பத்தெட்டு, எலிகள் என்றால் உயிர். நாற்பதாவது எலி மயக்கம் தெளிந்து நடுங்கவே, அதை உள்ளங்கையில் ஏந்திக் கையோடு பலகைமேல் வைத்தார்.

"இரண்டு இதயங்கள் கேட்கின்றன" என்றது பலகை. "இரண்டிலும் பிறவி ஓட்டை."

அவர் பதறியது எலிக்காக. "இப்பவே அடைச்சிரணும் சீலி. நாளைக்குன்னு தள்ளிப்போட்டா பாவம், மூச்சு வாங்கியே செத்துரும்."

கூடவே வேலை பார்க்கும் மனைவி ஜெயசீலி அவரையே பார்த்தாள். சிறு மேடு ஏறினாலும் நின்று மூச்சு வாங்குகிறவர் அவர். "ஏங்க, இன்னொண்ணு யாரோடதுன்னு கேக்க மாட்டீங்களா?"

"எனக்கு அது வாயு. ஒரு சோடா குடிச்சா சரியாப் போயிரும்."

"பொறவியிலயே ஓட்டைங்குது. வாயுங்கிறீங்க."

"அம்பத்தெட்டு வருசம் ஓடிருச்சுல்ல? கிறிஸ்மஸ் கழியட்டும், பாப்போம்."

மனிதர்களுக்கும் அது ஏழு நிமிட வேலைதான். ஆனால் நோயாளியின் ஒப்புதல் வேண்டும். எலியின் ஓட்டையை அடைத்து முடித்ததும், ஜெயசீலி நீட்டிய ஒப்புதல் படிவத்தைக் கையெழுத்துப் போடாமலே மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு சவரிமுத்து சோடாக் கடைக்குக் கிளம்பிவிட்டார்.

ஜெயசீலிக்கு அழுகை வந்தது. இந்த மனுஷன் இல்லாத வீட்டை அவளால் நினைத்துப் பார்க்கவே முடியவில்லை. அப்புறம் கோபம் வந்தது. காட்டு விலங்கிடம் யாரும் ஒப்புதல் கேட்பதில்லை என்பது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. பதிவேட்டைத் திறந்து நாற்பத்தொன்றாவது எலியைச் சேர்த்தாள். எடையைப் பார்த்து நூலன் சற்றுத் தயங்கியது. எடைக்கு உச்சவரம்பு எதுவும் சட்டத்தில் இல்லாததால் ஏற்றுக்கொண்டது.

மருந்தின் அளவைக் கூட்டிய கடலைமிட்டாயோடு அவள் சோடாக் கடைக்குப் போனாள். "சோடாவுக்குத் தொட்டுக்குங்க" என்று நீட்டினாள். அவர் ஆசையாக வாங்கிக் கடித்தார்.

மாலையில் அவர் கண் விழித்தது அதே கடையின் பெஞ்சில். காதோரம் ஒரு சிறு அட்டை தொங்கியது: 'சுண்டெலி எண் 41. ஆண். எழுபத்தொரு கிலோ. ஒப்புதல் தேவையில்லை. பிடித்த இடத்திலேயே விடப்பட்டது.'

அதை அவர் கவனிக்கவில்லை. எழுந்து உட்கார்ந்து, நெஞ்சு நிறைய ஒரு மூச்சை இழுத்து விட்டார். ஐம்பத்தெட்டு வருடங்களில் மூச்சு அவ்வளவு லேசாக வந்ததே இல்லை.

"பாத்தியா சீலி" என்றார், பக்கத்தில் நின்ற மனைவியிடம் பெருமையாக. "நான்தான் சொன்னேன்ல, ஒரு சோடா குடிச்சா சரியாப் போயிரும்னு."