மாடிப்படிக்குக் கீழே ஒரு சுவர்

கொத்தனார் யாரும் வராத நாளில் வீட்டுக்குள் ஈரச் சுண்ணாம்பு வாசனை. அவள் செருப்பைக் கழற்றாமலே கூடத்தில் நின்றாள். கட்டட மேற்பார்வை பார்க்கிறவள். ஈரக் கலவையின் வாசனை அவள் மூக்குக்குத் தப்பாது.

ஊரின் ஓரத்தில், நூற்றாண்டைத் தாண்டிய வீடு. இடிக்கக் கூடாதென்று சட்டம். வளைவு வளைவாய் வாசல்கள், முழங்கை நீளத்துக்குக் கனத்த சுவர்கள், முகம் தெரியும்படி இழைத்த பூச்சு. முன்பு இதை வாங்கியவர்கள் ஆளுக்கோர் அறை சேர்த்துக் கட்டினார்களே தவிர யாரும் நிலைக்கவில்லை என்று தரகர் பேச்சோடு பேச்சாகச் சொல்லியிருந்தார். எங்கே போனார்கள் என்று அவள் கேட்கவில்லை. மாடிப்படிக்குக் கீழே பூச்சு உதிர்ந்து, செங்கல் அடைத்த பழைய வாசல் தென்பட்டதிலிருந்து அவள் கணவனுக்குச் சோறு தண்ணீர் மறந்துபோனது.

இருவருமாய் நாலைந்து கல்லைப் பெயர்த்தார்கள். மறுநாள் ஓட்டை அடைபட்டிருந்தது.

"நீங்கதானே மூடினீங்க?"

"திறக்கிறதும் நானே, மூடுறதும் நானேவா? எனக்கென்ன கிறுக்கா?" என்று சிரித்தான். அவன் நகக்கண்ணில் சுண்ணாம்பு. அவள் பார்ப்பதைப் பார்த்ததும் கையைப் பின்னால் கட்டிக்கொண்டான்.

அன்றிலிருந்து அவளுக்கு மடியில் நெருப்பு. உள்ளே எதை மறைக்கிறான்? யாரை? பெற்றவர்களைப் பகைத்துக்கொண்டு அவன் பின்னால் வந்தவள் அவள். அவனும் இல்லையென்றால் அவளுக்கு வேறு நாதியில்லை. அதனாலேயே வாய்விட்டுக் கேட்கப் பயந்தாள்.

இப்போது அந்தி வெளிச்சம் படிக்கட்டுவரை வந்து நின்றிருந்தது. சுவரருகே அவன் செருப்பு, ஜோடியாக, ஒழுங்காக. ஆள் நுழையும் அகலத்துக்குக் கல்லைப் பெயர்த்து, மறுபடி புதிதாக அடைத்திருந்தது. மேலே ஒரு கல் வைக்கத்தான் இடம் மிச்சம்.

"என்னங்க..."

கல்லிடுக்கைத் தொட்டுப் பார்த்தாள். கலவை பிதுங்கி, வழிக்காமல், கரடுமுரடாகக் கிடந்தது. கட்டுகிறவன் தான் நிற்கும் பக்கத்தைத்தான் கொத்துக்கரண்டியால் வழித்து மட்டமாக்குவான். மறுபக்கம் கை எட்டாது. தினமும் பார்க்கிற வேலை. பக்கத்திலிருந்த பழைய கற்களைத் தடவினாள். அவையும் இந்தப் பக்கம்தான் கரடு. அவனைச் சந்தேகப்பட்ட கண், முதல் நாளே பார்த்திருக்க வேண்டியதைப் பார்க்கவில்லை.

இந்தச் சுவரை யாரும் வெளியே நின்று கட்டவில்லை.

எக்கிப் பார்த்தாள். இருட்டு. பழைய மூச்சுக்காற்று. இருட்டுக்குள்ளிருந்து ஒரு கை வந்தது. விரலில் அவள் அவனுக்குப் போட்ட மோதிரம். கையில் செங்கல்.

"கொஞ்சம் தள்ளி நில்லு, வெளிச்சம் மறைக்குது." அவன் குரல்தான். சாப்பிடக் கூப்பிட்டால் வரும் அதே நிதானம். "முடியப்போகுது."

அவள் அந்தக் கையைப் பற்றினாள். சில்லென்றிருந்தது. நழுவியது.

கல் உட்கார்ந்தது.

உள்ளே கரண்டி வழிக்கும் சத்தம். ஒன்றல்ல. இடப்பக்கம். வலப்பக்கம். அவள் காலடியில். பல கைகள், அவசரமில்லாமல்.

பிதுங்கிய கலவை அவன் செருப்பின்மேல் சொட்டியது.