ஒருநாள் டிஃபரன்ஷியல்

செவ்வாயில் குழந்தைக்குத் தடுப்பூசி போட வேண்டுமென்றால் முதலில் அதற்குக் காற்று வாங்க வேண்டும். செண்பகவல்லி விடிந்ததுமே வரிசையில் நின்று, கைக்குழந்தை இசக்கிக்கென்று ஒரு குட்டி மூச்சுக்கலனை நிரப்பிக்கொண்டு வந்தாள். ஊசி போடும் குவிமாடம் மேட்டுக்கு அப்பால் இருந்தது. நடுவில் வெறும் செம்மணல்.

அவள் கவலையெல்லாம் வண்டியைப் பற்றித்தான். மாமனார் காலத்து வண்டி. நான்கு சக்கரங்களும் இழுக்கும். பின் அச்சின் நடுவில் பானை போல உருண்டிருக்கும் டிஃபரன்ஷியல்தான் மோட்டாரின் சுழற்சியைப் பின்சக்கரங்கள் இரண்டுக்கும் பங்கிட்டுக் கொடுக்கும். அதன் பற்கள் தேய்ந்து, கொஞ்சம் வேகமெடுத்தாலே ஊளையிட்டது. போன வாரமே பட்டறைக்குக் கொண்டுபோயிருந்தார்கள்.

"அண்ணாச்சி, பல்லுல உலோகம் ஏத்திப் புதுசா வெட்டித் தாரேன். ஒரு மாசம் வண்டிய மறந்திரணும்" என்றான் பட்டறைக்காரன் மரியசூசை, அவள் கணவன் சுடலைமுத்துவிடம்.

"ஒரு மாசமா? வெளங்கும்! எஃப்.சி. வருதுல்லா. தேறலன்னா வண்டியவே பிடுங்கிட்டுப் போயிருவானுவ."

"அதுக்குத்தான் நம்மகிட்ட சாமான் இருக்கே" என்று மரியசூசை ஒரு துணியை விலக்கினான்.

பூமியிலிருந்து வந்த புத்தம்புது டிஃபரன்ஷியல். எஃப்.சி. நாளில் மட்டும் வாடகைக்கு மாட்டுவான். தகுதிச் சான்று கைக்கு வந்ததும் கழற்றிக்கொள்வான். அந்தக் குடியேற்றத்திலேயே உருப்படியானது அது ஒன்றுதான், ஆனால் பட்டறைக்கும் சோதனைத் திடலுக்கும் நடுவே தவிர அது எங்கும் ஓடியதில்லை. பூட்டன் காலத்தில் எஃப்.சி.க்கென்று நல்ல டயரை இரவல் வாங்கி மாட்டினார்களே, அந்தச் சாமர்த்தியமும் விதைநெல்லோடு ராக்கெட் ஏறி வந்துவிட்டது. மனுஷப் புத்தி அவ்வளவு லேசில் போய்விடுமா!

திடலில் சோதனையன் என்கிற இயந்திர அதிகாரி அச்சைத் தடவிப் பார்த்து, "முதல் தரம்" என்றது. காட்டுவதைச் சோதிப்பதுதான் அதன் வேலை. நாளைக்கும் இது இங்கேயே இருக்குமா என்று கேட்க அதற்கு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. அன்று சாயங்காலமே பழையது மறுபடி அச்சில் ஏறிவிட்டது.

"பயமா இருக்குங்க. பச்சப்புள்ளய வச்சிக்கிட்டுப் போறோம்" என்றாள் செண்பகவல்லி, ஊசிக்குக் கிளம்பி வண்டியில் ஏறும்போது.

"ஊரே இப்படித்தான ஓட்டுது? நமக்கு மட்டும் என்ன வந்திரும்? ஊசியப் போட்டுட்டு வந்து பட்டறையில விட்டிருவோம், போதுமா?"

மேட்டில் ஏறும்போது ஊளை அலறலாயிற்று. பிறகு பின்னாலிருந்து 'மடார்' என்று ஒரு சத்தம். பின்சக்கரங்கள் இறுகி நின்றன. முன்சக்கரங்கள் மணலைத் தோண்டித் தோண்டி வண்டியைப் புதைத்தன. சுடலைமுத்துவின் முகத்தில் ஈயாடவில்லை. இசக்கியின் கலனில் முள் பாதிக்கும் கீழே இறங்கியிருந்தது.

செண்பகவல்லி காதுக்குப் பின்னால் பதித்திருந்த குரல்வில்லையை அழுத்தி உதவி கேட்டாள். மீட்பு வண்டியின் ஓட்டுநர் உடனே பேசினார்.

"பதறாதம்மா. கெளம்பிட்டோம். இந்தா, வெரட்டிக்கிட்டு வாறேன்."

"ஏங்க, வாராங்களாம்!" என்று சொல்லும்போதே அவளுக்கு அழுகை பீறிட்டது. சுடலைமுத்து குழந்தையை வாரி முத்தமிட்டான். எந்தச் சாமியைக் கும்பிடுவதென்று தெரியாமல் எல்லாச் சாமியையும் கும்பிட்டான்.

அப்போதுதான் ஓட்டுநரின் குரலுக்குப் பின்னால் அவளுக்கு அது கேட்டது. தூக்கத்திலும் அடையாளம் தெரிகிற ஊளை.

"அண்ணே, உங்க வண்டிக்கு எஃப்.சி. எப்ப ஆச்சு?"

"நேத்துதாம்மா. முதல் தரம்! ஏன் கேக்க?"

செண்பகவல்லி குழந்தையின் கலனைப் பார்த்தாள். முள் இன்னும் இறங்கியிருந்தது.

"அண்ணே, மெதுவா வாங்க! உங்க காலப் பிடிக்கேன், மெதுவா வாங்க!"

"என்னம்மா? இந்தச் சத்தத்துல ஒண்ணுங் கேக்கல. வேகமாவா? இந்தா, இன்னும் வேகமா..."

மடார்.