ஐந்தாவது டேப்பெட்

சிங்காநல்லூரில் எங்கள் தெருவுக்குக் காலை பத்திலிருந்து பத்து நாற்பது வரைதான் முழக்க நேரம். எந்த எஞ்சினை ஸ்டார்ட் செய்ய வேண்டுமோ செய்து, கேட்க வேண்டியதைக் கேட்டு, அதற்குள் அணைத்துவிட வேண்டும். பத்து நாற்பத்தொன்றுக்கு உறுமினால் தெருமுனையில் நிற்கிற செவிக்கம்பம் சிவப்பாகும். ஊர் முழுக்க மின்னூர்திகள் பூனை மாதிரி ஓடுகின்றன. பெட்ரோல் எஞ்சின் ஒன்று கோயம்புத்தூரில் எந்த மூலையில் இருமினாலும் ஏதாவது ஒரு கம்பத்துக்குக் கேட்டுவிடும்.

என் பெயர் மரகதம். பழைய கார்களுக்கு எஞ்சின் தேர்ந்தெடுத்து, மாட்டி, ட்யூன் செய்து கொடுப்பது தொழில். மாதத்தில் ஒரு புகை ஞாயிறு. அன்றைக்கு அவிநாசி சாலையில் இரண்டு மணி நேரம் வசதியானவர்கள் தங்கள் பூட்டன் காலத்துக் கார்களை ஓட்டிக் கையசைப்பார்கள். அந்த இரண்டு மணி நேரக் கையசைப்புக்காக மாதம் முழுக்க நான் கிரீஸில் கிடப்பேன்.

ஒவ்வொரு பழைய எஞ்சினின் சத்தத்தையும் அரசாங்கம் பதிவு செய்து வைத்திருக்கிறது. காகிதத்தில் அதன் பெயர் ஒலிரேகை. பட்டறையில் சவுண்ட் பிரிண்ட். ஓர் எஞ்சின் மாதிரி இன்னோர் எஞ்சின் சத்தம் போடாது என்பது சட்டத்தின் முதல் வரி. குற்றம் நடந்த இடத்தில் கேட்ட சத்தம் யாருடைய ரேகையோடு நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டு பொருந்துகிறதோ, அவர்தான் குற்றவாளி. வேறு சாட்சி வேண்டாம். அப்படித்தான் என் அண்ணன் சென்னியப்பன் பத்து வருஷத் தண்டனையில் ஏழு வருஷத்தை முடித்திருந்தார்.

ஒரு செவ்வாய்க்கிழமை மத்தியானம் தொண்டாமுத்தூர் சாலையில் ஒரு பழைய கார் ஒரு டீச்சரம்மாவை அடித்துப் போட்டுவிட்டு நிற்காமல் போனது. அங்கே கேமரா கிடையாது, கம்பம் உண்டு. பதிவான சத்தம் அண்ணனுடைய ஹெரால்ட் காரின் சத்தம். அந்த நேரத்தில் அண்ணன் எனக்கு எதிரே உட்கார்ந்து புளிசாதம் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். கோர்ட்டில் சொன்னேன். தங்கச்சி சொன்னால் யார் கேட்கிறார்கள்? எஞ்சினைக் கொண்டுபோய் நசுக்கினார்கள், அண்ணனைக் கொண்டுபோய் அடைத்தார்கள். எங்களோடு பட்டறையில் கூட்டாளியாக இருந்த லோகநாதன் கூண்டில் ஏறிக் கண்ணைத் துடைத்துக்கொண்டே சொன்னான்: "சென்னின்னா என்ற உசுருங்க. ஆனா என்ன பண்றதுங்க, எஞ்சின் பொய் சொல்லாதுங்களே."

மாதத்தின் முதல் திங்கள்கிழமை சிறைக்குப் போவேன். அண்ணன் பட்டறையைப் பற்றித்தான் கேட்பார். மணி அடித்ததும் எழுந்து, "போயிட்டு வா அம்மிணி" என்பார். எழுபது எண்பது தடவை கேட்டிருப்பேன். ஒரு தடவைகூட அவர் தன் விதியை நொந்துகொண்டதில்லை. நொந்துகொள்கிற வேலையையும் நானே பார்த்தேன்.

இந்த வருஷம் தை மாதம் லோகநாதன் வந்தான். இப்போது அவன் பெரிய ஆள், பழங்கார் சங்கத்துக்குச் செயலாளர். எஞ்சின் இல்லாத தன் ஹெரால்டையும், கூடவே மூன்று எஞ்சின்களையும் லாரியில் ஏற்றிக் கொண்டுவந்து இறக்கினான்.

"தங்கச்சி, ஆடி மாச அணிவகுப்புல என்ற வண்டி முன்வரிசைல போகோணும். இதுல எதுன்னு நீயே பாத்துச் சொல்லு. சென்னிக்கு அப்புறம் இந்த ஊர்ல காதுன்னா உனக்குத்தான்."

"உங்க பழைய எஞ்சின் என்னாச்சுங்ணா?"

"அது கிராங்க் ஒடஞ்சு போச்சு, ஆறு வருசம் முந்தியே பழைய இரும்புக்குப் போட்டாச்சு. இந்த மூடி மட்டும் அழகா இருக்குதேன்னு வெச்சுட்டேன். புதுசுல இதையே மாட்டிரு."

குரோம் பூசிய டேப்பெட் மூடி, எஞ்சின் வால்வுகளைத் தட்டித் திறக்கிற எட்டு டேப்பெட்டையும் மூடுகிற தகடு. முகம் பார்க்கலாம், அப்படி ஒரு பளபளப்பு. அவன் போன பிறகு துடைப்பதற்காகத் திருப்பினேன்.

எங்கள் தொழிலில் ஒரு பழக்கம் உண்டு. ட்யூன் செய்து முடித்ததும் அந்த அளவுகளை மூடியின் உள்பக்கம் கூரான கம்பியால் கீறி வைப்போம், அடுத்த தடவை தேட வேண்டாம் என்று. கை தானாகச் செய்கிற வேலை அது. லோகநாதனின் கையும் செய்திருந்தது. விபத்துக்குப் பத்து மாதம் முந்தைய தேதி. டேப்பெட் இடைவெளிகள் எட்டு: ஏழு இடத்தில் பத்து, ஐந்தாவதில் மட்டும் பன்னிரண்டு. கீழே ஜெட் அளவு, டைமிங், சைலன்சரை எவ்வளவு வெட்டியது என்பது. அதற்கும் கீழே, "சென்னி மாதிரி, சரி" என்று ஒரு டிக்.

ஐந்தாவது டேப்பெட்டைக் கொஞ்சம் தளர்வாக விடுகிற ஆள் இந்த ஊரில் என் அண்ணன் ஒருவர்தான். "எஞ்சின் கொஞ்சம் வாய்விட்டுப் பேசட்டும் அம்மிணி" என்பார். எனக்கும் அப்படியே கை பழகிவிட்டது. எனக்கு எல்லாம் விளங்கியது. அந்த வருஷம் அண்ணனுக்கு மூன்று எச்சரிக்கைக் கடிதம் வந்தது, அனுமதியில்லாத நேரத்தில் வண்டி ஓட்டியதாக. கம்பத்துக்குக் காது மந்தம் என்று சிரித்தோம். அண்ணனின் சத்தத்தைத் தன் வண்டிக்கு மாட்டிக்கொண்டு அவன் இஷ்டத்துக்குச் சுற்றியிருக்கிறான். அதே சத்தத்தோடுதான் அந்த டீச்சரம்மா மீதும் ஏற்றியிருக்கிறான்.

எனக்கு அழுகை வரவில்லை. கொலைவெறிதான் வந்தது. கையில் பெரிய ஸ்பேனர் இருந்தது. அவன் அதற்குள் போய்விட்டது அவன் செய்த புண்ணியம்.

மூடியைப் பையில் போட்டுக்கொண்டு ஒலிரேகை அலுவலகத்துக்குப் போனேன். அங்கிருந்த அதிகாரி அதைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை.

"இந்தக் கீறலை வெச்சு என்னங்க பண்றது? ஒரு எஞ்சினை இன்னொரு எஞ்சின் மாதிரி பேச வெச்ச ஆளை நாங்க யாரும் பாத்ததில்லைங்க. செய்ய முடியும்னு யாராச்சும் கண்ணு முன்னால செஞ்சு காட்டுனா வாங்க, அப்ப எல்லாக் கேசையும் திரும்ப எடுக்கோணும்."

செஞ்சு காட்டுனா வாங்க என்றார். எனக்குச் செய்யத் தெரியும். செய்து காட்டினால் அண்ணன் வெளியே வந்துவிடுவார். ஆனால் சத்தம் சாட்சியில்லை என்று ஆனால் லோகநாதனைப் பிடிக்கவும் ஒன்றும் மிஞ்சாது. ஒரு கீறலைக் காட்டி அவனை ஒரு நாள் உள்ளே வைக்க முடியாது. பஸ்ஸில் திரும்பி வரும்போது அவன் கண்ணைத் துடைத்துக்கொண்டது மட்டும்தான் ஞாபகத்தில் இருந்தது. எஞ்சின் பொய் சொல்லாதுங்களே.

ஆளில்லா ஒலிகள் என்று அரசாங்கம் ஒரு பட்டியல் வைத்திருக்கிறது. குற்றம் நடந்திருக்கும், சத்தம் பதிவாகியிருக்கும், எஞ்சின் யாருடையது என்று தெரியாது. யார் வேண்டுமானாலும் கேட்கலாம். அத்தனையையும் கேட்டேன். பதினோரு வருஷத்துக்கு முன்னால் வால்பாறை மலைப்பாதையில், வேலை முடிந்து நடந்துவந்த இரண்டு பேரை அடித்துக் கொன்ற ஒரு கார். ஆள் கிடைத்தால் இருபது வருஷம். சின்ன எஞ்சின், வேகமெடுக்கும்போது ஒரு விசில், வேகம் குறையும்போது ஒரு விக்கல். போதும் என்று தோன்றியது.

அடுத்த நாள் லோகநாதனை வரச்சொல்லி மூன்று எஞ்சினையும் ஸ்டார்ட் செய்து காட்டினேன். முழக்க நேரத்தில் கம்பம் மணியை மட்டும்தான் பார்க்கும், ரேகையை ஒப்பிடாது. அவனுக்கு நன்றாகச் செப்பனிட்ட பெரிய எஞ்சின் மேல்தான் கண். இரண்டாவது எஞ்சின், ரேஸுக்காகக் குடைந்தது. மூன்றாவது ஏதோ ஒரு தோட்டத்தில் முப்பது வருஷம் தண்ணீர் இறைத்துக் கிடந்த சின்ன எஞ்சின். அதற்குக் காகிதமே கிடையாது.

"இந்தச் சின்னதுதானுங்ணா வேணும்."

"அட, இதுக்கு இழுவையே இல்லையே."

"இழுவை எதுக்குங்ணா, மலையா ஏறப் போறீங்க? உங்க வண்டி பொறந்தப்ப இந்தச் சைஸ் எஞ்சின்தான் இருந்துச்சு. வண்டியோட உடன்பிறந்த எஞ்சின், அப்பா காலத்துலருந்து கைமாறவே இல்லைன்னு எழுதிக் குடுத்தா முன்வரிசைல முதல் வண்டி உங்களுது. எஞ்சின்ல பழைய நம்பரை நான் தட்டித் தரேன். கையெழுத்து மட்டும் நீங்க போடுங்க."

அவன் என்னைப் பார்த்துச் சிரித்தான். "நீ சென்னி மாதிரி இல்ல தங்கச்சி. பொழைக்கத் தெரிஞ்ச புள்ள."

ஆறு மாதம் அந்த எஞ்சினோடு கிடந்தேன். என் வாழ்க்கையில் அவ்வளவு அக்கறையாக எதையும் செய்ததில்லை. மேனிஃபோல்ட் கேஸ்கெட்டை அரை நகம் அளவு ராவி விசிலைக் கொண்டுவந்தேன். தேய்ந்துபோன டிஸ்ட்ரிபியூட்டரைத் தேடிப்பிடித்து விக்கலைக் கொண்டுவந்தேன். சைலன்சரை ஒரு விரல்கடை வெட்டுவேன், ஸ்டார்ட் செய்வேன், வால்பாறைச் சத்தத்தைக் காதில் போட்டு ஒப்பிடுவேன், பத்து நாற்பதுக்கு அணைப்பேன். எண்பது பொருந்தியது, பிறகு தொண்ணூறு. ஆனி மாதக் கடைசியில் தொண்ணூற்றெட்டு. மேலே அந்தக் குரோம் மூடியைத் துடைத்து மாட்டினேன்.

அணிவகுப்பில் புது ரேகைப் பதிவு தொடக்கக் கோட்டிலேயே நடக்கும். பெரிய கம்பத்தின் கீழே காரை நிறுத்தி ஒரு நிமிடம் ஓடவிட வேண்டும். கம்பம் அந்தச் சத்தத்தை ஆளில்லா ஒலிகளோடும் ஒப்பிட்டுப் பார்க்கும். லோகநாதன் பட்டுச்சட்டையில் வந்திருந்தான். சாவியைத் திருகிவிட்டுக் கூட்டத்தைப் பார்த்துக் கையசைத்தான். கம்பம் சிவப்பானது. அவன் கையசைப்பதை நிறுத்துவதற்குள் காரைச் சுற்றி ஆறு போலீஸார்.

"இது என்ற எஞ்சினே இல்லீங்க! போன தை மாசந்தானுங்க வந்துச்சு!"

அதிகாரி அவன் எழுதிக் கொடுத்த காகிதத்தை நீட்டினார். அப்பா காலத்திலிருந்து கைமாறவில்லை. அவன் கையெழுத்து.

"தங்கச்சி, நீயாச்சும் சொல்லு!"

"எஞ்சின் பொய் சொல்லாதுங்ணா" என்றேன்.

அவன் வாய் திறந்தபடியே நின்றது. அவனுக்கு விளங்கிவிட்டது என்று தெரிந்ததும் எனக்கு வந்த சந்தோஷத்தை நான் மறைக்கப் போவதில்லை. அன்றைக்கு மத்தியானம் ஏழு வருஷத்துக்குப் பிறகு புளிசாதம் செய்தேன். இரண்டு தடவை போட்டுச் சாப்பிட்டேன்.

தீர்ப்பு ஒரே மாதத்தில் வந்தது, இருபது வருஷம். வால்பாறையில் செத்த இருவரில் ஒருவரின் மனைவி கோர்ட்டுக்கு வந்திருந்தார். அவன் முன்னால் போய் நின்று, "பதினோரு வருசமா இந்த மூஞ்சியத்தான் தேடிட்டிருந்தேன்" என்று சொல்லி அழுதார். அப்போது மட்டும் நான் தரையைப் பார்த்தேன்.

அடுத்த திங்கள்கிழமை சிறைக்குப் போனபோது அண்ணன் எனக்கு முன்னாலேயே வந்து உட்கார்ந்திருந்தார்.

"டிவில அந்தச் சத்தத்தைப் போட்டாங்க அம்மிணி. வால்பாறைச் சத்தத்தையும் போட்டாங்க, லோகநாதன் வண்டிச் சத்தத்தையும் போட்டாங்க."

"கேட்டீங்களாண்ணா?"

"கேட்டேன். லோகநாதன் வண்டில மட்டும் அஞ்சாவது டேப்பெட் பேசுது. அது உன்ற கை."

சட்டத்துக்குத் தொண்ணூற்றெட்டு போதும். மீதி இரண்டில் நான் இருந்திருக்கிறேன், எனக்கே தெரியாமல்.

அந்த மூடியைப் பற்றி, அதிகாரி சொன்னதைப் பற்றி எல்லாம் சொன்னேன். அவர் கோபப்படவில்லை. ஏழு வருஷமாக நான் பார்க்காத சிரிப்பு அவர் முகத்தில் வந்தது.

"அப்ப செஞ்சு காட்டியாச்சே அம்மிணி! போய்ச் சொல்லு. எப்படிப் பண்ணுனேன்னு காட்டு. நான் வெளிய வந்துருவேன். நான் ஓட்டலை, நான் ஓட்டலைன்னு இதுக்குள்ள எத்தன பேரு சொல்லிட்டே கெடக்கறாங்க தெரியுமா?"

"லோகநாதனும் வந்துருவானுங்ணா."

"வரட்டும். வால்பாறைல அவன் யாரையும் கொல்லலையே. நெசமா கொன்னவன் எங்கயோ காலாட்டிட்டு உக்காந்திருப்பான். நம்மளுக்கு நடந்ததேதான் டிவில அழுத அந்தம்மாவுக்கும் நடக்குது."

அவர் சொன்னது ஒவ்வொன்றும் சரி. நான் பதில் சொல்ல வாயைத் திறந்தேன். தை மாதத்திலிருந்து எனக்குள்ளேயே இருந்தது வெளியே வந்தது.

"இன்னும் மூணு வருசந்தானேங்ணா."

அண்ணன் கண்ணை மூடிக்கொண்டார். கோளாறான எஞ்சின் முன்னால் நிற்கும்போது அப்படித்தான் மூடிக்கொள்வார். நான் இன்னும் ஏதாவது பேசுவேன் என்று காத்திருந்தார். மணி அடிக்க இன்னும் பத்து நிமிடம் இருந்தது. அவர் எழுந்தார்.

"போ" என்றார்.