மூன்று நிமிடத்தில் ஒரு சாவு வீடு

வீடியோவில் குரைத்த நாயை ரிச்சர்ட் வெட்டி எறிந்த அதே நொடியில், காலையிலிருந்து தொண்டை வற்றக் குரைத்துக்கொண்டிருந்த எதிர்வீட்டு நாய் சட்டென்று வாயை மூடியது. அப்பாடா, சனியன் ஒழிந்தது என்றுதான் முதலில் இருந்தது அவனுக்கு. மதியம் மூன்று மணி. அவன் குடியிருந்த சாரம் பகுதி வெயில் ஜன்னல் கம்பியைக் காய்ச்சிக்கொண்டிருக்க, சூடேறிய கம்ப்யூட்டரின் பிளாஸ்டிக் வாடை மூக்கில் ஏற, ஹெட்போனுக்குள் காது வியர்த்து நசநசக்க, வேலைக்கான சோதனையில் உட்கார்ந்திருந்தான்.

பன்னிரண்டு வருடம் சாவு வீட்டு வீடியோ எடிட் செய்தவன் அவன். பிரான்சில் இருக்கிற சொந்தங்கள் அடக்கத்துக்கு வந்துசேர முடியாது. பிறகு டிவிடிதான் போகும். அங்கே உட்கார்ந்து அழுகிறவர்களுக்கு நாய் குரைப்பும், டீ கிளாஸ் சத்தமும், எவனோ மூலையில் பல்லைக் காட்டுவதும் ஆகாது. அதையெல்லாம் வழித்தெடுப்பதுதான் பிழைப்பு. ஸ்டுடியோவை இழுத்து மூடி எட்டு மாதமாகிறது. எத்தனை இன்டர்வியூ! போன இடமெல்லாம், சாவு வீடியோவா என்று முகத்தைச் சுளித்தார்கள். துணிக்கடையில் நாளெல்லாம் நின்றுவிட்டு வீங்கின காலோடு வரும் மனைவி அகஸ்டினாவின் முகத்தைப் பார்க்க நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது. இந்த ஒரு கம்பெனிதான், அடக்கச் சடங்குகளை நெட்டில் போடுகிறதாம், வீட்டிலிருந்தே எடிட் செய்ய ஆள் கேட்டது. ஸ்கைப்பில் பேசிய பெண் தன் கேமராவைப் போடவேயில்லை; அவன் திரையை மட்டும் அங்கிருந்தே பார்த்துக்கொண்டு, பிரெஞ்சுக்காரர்கள் ஐயா என்பதுபோல வாய்க்கு வாய் முசியே என்றாள்.

"பதினோரு நிமிஷம் இருக்குது முசியே. மூணு நிமிஷம் ஆக்குங்க. வேண்டாதத எடுத்துடுங்க, அவ்ளோதான்."

ஹாலிலிருந்து அகஸ்டினாவின் அண்ணன் மிக்கேல் குரல் கொடுத்தான். குழந்தையைப் பார்த்துக்கொள்கிறேன் என்று வந்து, காலையிலிருந்து குத்திக்கொண்டிருந்தான். "இன்னா மாப்ள, இதுவும் ஊத்திக்கிச்சா?" பிறகு ஒரு சிரிப்பு, வயிறு குலுங்க.

அதே சிரிப்பு ஹெட்போனிலும் கேட்டது.

ரிச்சர்ட் திரையை உற்றுப் பார்த்தான். முன்பின் தெரியாத வீடு, தெரியாத பிணம். பின்வரிசையில், இன்று போட்டிருக்கும் அதே கட்டம் போட்ட சட்டையில், மிக்கேல். அவன் இந்தச் சாவுக்கு எப்போது போனான்? வழக்கம்போல முதலில் சத்தத்தை வெட்டினான். ஹாலில் சிரிப்பு பாதியில் அறுந்தது. தெரிந்துதான் அடுத்ததைச் செய்தான் என்று சொல்ல முடியாது. தெரியாமல் செய்தான் என்றும் சொல்ல முடியாது. எட்டு மாதக் குத்தல். படத்தையும் வெட்டினான்.

எழுந்துபோய் எட்டிப் பார்த்தான். நாற்காலி காலி. ஏழு வயது மகள் மெரின் தரையில் படுத்துப் படம் வரைந்துகொண்டிருந்தாள்.

"மாமா எங்கடி?"

"எந்த மாமாப்பா?"

அவள் விளையாடவில்லை. முகத்தில் ஒன்றுமே இல்லை.

ஓடிவந்து வெட்டியதையெல்லாம் திரும்ப ஒட்டினான். திரையில் மிக்கேல் வந்து நின்றான். ஹாலில் வரவில்லை. நாயும் குரைக்கவில்லை. தெருவில் ஒரு சைக்கிள் மணிகூட இல்லை. ஐயோ, இன்னும் எதையெல்லாம் வெட்டித் தொலைத்தோம்?

"திருப்பியும் ஏன் சேக்கறீங்க? நல்லாத்தான பண்ணிங்க" என்றாள் ஸ்கைப்பில் அந்தப் பெண். "அந்த ஆளு வேணாம். அப்புறம் ஒரு பொண்ணு குறுக்க குறுக்க ஓடுது பாருங்க. அதையும் எடுத்துட்டா மூணு நிமிஷம் ஆயிடும்."

பார்த்தான். அழுகிறவர்களின் கால்களுக்கு நடுவே மஞ்சள் கவுன். மெரினுடையது.

"அது எம்பொண்ணு."

"சாவு வீட்டுல கொழந்த எதுக்கு முசியே?"

"எனக்கு வேலையே வேணாம்மா. உட்டுடுங்க."

அந்தப் பக்கம் யாரோ காகிதம் புரட்டும் சத்தம்.

"அதெப்படி? நீங்க செலக்ட் ஆயிட்டீங்க. மீதிய நாங்க பாத்துக்கறோம்."

அவன் கை மடியில் இருந்தது. மவுஸ் அம்பு தானாக நகர்ந்தது. மெல்ல. மஞ்சள் கவுனை நோக்கி.

பிளக்கைப் பிடுங்கினான். யுபிஎஸ் கூவியது. திரை அணையவில்லை. அம்பு நின்றது. ஒரு 'டிக்'.

ஹாலுக்குப் பாய்ந்தான்.

மெரின் இருந்தாள். எழுந்து நின்றிருந்தாள். அவனைப் பார்த்ததும் வாயைத் திறந்தாள். அப்பா என்றுதான் அந்த உதடு அசைந்தது. சத்தம் வரவில்லை. கழுத்து நரம்பு புடைக்க மறுபடி கத்தினாள். ஒன்றும் கேட்கவில்லை. வாரி அணைத்துக்கொண்டான். உடம்பு சூடாக இருந்தது, நெஞ்சு அடித்துக்கொண்டிருந்தது. இரண்டு கையாலும் அவளை இறுக்கினான்.

அறைக்குள் மவுஸ் இன்னொரு முறை 'டிக்' என்றது.

அவன் கைகள் ஒன்றோடொன்று மோதின.