ஓர் எழுத்து குறைந்த சிஸ்டீன்

பழவேற்காட்டில் பேக்கரி வைத்திருந்த அசன் முகைதீன், பொன்னேரியில் துப்பறிவாளர் கிரேஸின் அறைக்குள் வந்ததுமே கொட்டித் தீர்த்தார்.

"ஒரு பன்னுகூட விக்கல மேடம். எங்க ரொட்டியில மனுச முடி கலக்குதுன்னு எவனோ ஜமாஅத் செயலாளருக்குப் போன் போட்டுட்டான். நான் வேலைய விட்டுத் தூக்குன லோகுதான். மாவு பிசைஞ்சவன் அவன். சாயங்காலம் போலீசுக்குப் போறேன்."

"அதுக்கு முன்னாடி நான் ஒருதரம் பாத்துடறேன்," என்றார் கிரேஸ்.

அவருடைய ஆட்டோக்காரனும் உதவியாளனுமான முனுசாமிக்கு அப்போதே வழக்கு முடிந்துவிட்டது. "வேலை போன கடுப்பு மேடம். லோகுவேதான்," என்றான் வழியெல்லாம்.

செயலாளர் ரஷீத் நடந்ததைச் சொன்னார்: "வாயில துணி வெச்சிக்கினு பேசுன குரல். ஆணா பொண்ணான்னே தெரியல. ஆனா முடியிலேந்து எடுத்து ரொட்டியில போடற சரக்கு பேர மட்டும் இங்கிலீஷ்ல எழுத்துக்கூட்டிச் சொல்லிச்சு. சிஸ்டின்."

பேக்கரியில், மாவை மென்மையாக்கக் கலக்கும் பவுடரின் பாக்கெட்டைக் கிரேஸ் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கழுத்தில் கம்பெனி அட்டையோடு வேலையிலிருந்து திரும்பிய அசனின் மகள் சிஃபா டீ கொண்டுவந்து வைத்தாள். அவள் துப்பட்டாவில் முடி கருகிய வாடை. அடுப்பில் பொசுக்கிக்கொண்டாள் போலிருக்கிறது என்று முனுசாமி நினைத்தான்.

அடுத்து லோகுவின் வீடு. போலீஸ் என்ற பேச்சிலேயே அவன் மனைவி அழுது ஓய்ந்திருந்தாள்.

"மாவுல இன்னா பவுடர் போட்டே?" என்று அதட்டினான் முனுசாமி.

"சாஃப்ட் பவுடருண்ணே. அதுக்கு வேற பேரு இருக்குதா இன்னா?"

கிரேஸ் பேக்கரிக்குத் திரும்பி, அப்பாவையும் மகளையும் உட்காரவைத்தார்.

"பாக்கெட்ல இருக்கிறது சிஸ்டீன். இங்கிலீஷ்ல எழுதினா நடுவுல, 't'க்கு அப்புறம் ஒரு 'e' வரும். போன்ல சொன்னதுல அந்த 'e' இல்ல."

"தப்பா சொல்லியிருப்பான் மேடம்," என்றான் முனுசாமி.

"இல்ல, அது வேற சரக்கு. ரெண்டுமே கந்தகம் இருக்கிற அமினோ அமிலம். முடிய ஆசிட்ல வேகவெச்சா மொதல்ல வர்றது சிஸ்டின். அத மாத்தித்தான் சிஸ்டீன் செய்றாங்க. பாக்கெட்டப் பாத்தவங்க சிஸ்டீன்னு சொல்லுவாங்க. லோகுவுக்கு ரெண்டு சரக்கோட பேருமே தெரியாது. முடி வேகுற எடத்துல வேலை செய்றவங்க வாயிலதான் சிஸ்டின் வரும்." கிரேஸ் குரலை உயர்த்தவில்லை. "சிஃபா, நீ எந்தக் கம்பெனிம்மா?"

சிஃபா தலைகுனிந்தாள். "கும்மிடிப்பூண்டி முடி கம்பெனி. லேப்ல இருக்கேன். வாப்பா வாங்குற பவுடருக்கு எங்க சரக்குதான் போவுது. மொதல்ல வாப்பாகிட்டதான் சொன்னேன். பொழப்புல மண்ணப் போடாதன்னுட்டாங்க. நம்ம ஜனங்க தெரியாம அத நாஷ்டாவுக்குத் தின்னுக்கினு இருக்கறது மனசு கேக்கல. பழி லோகு அண்ணன் மேல வுழும்னு நெனைக்கவேயில்ல."

அசன் முகைதீன் எழுந்துபோய் அலமாரியிலிருந்த பாக்கெட்டுகளை எல்லாம் வாரி, சாக்கடையில் கொட்டிவிட்டுக் கையைக் கழுவினார்.

"முனுசாமி, வண்டிய எடுப்பா. லோகு ஊட்டுக்குப் போவணும்," என்றவர், மகளைப் பார்த்தார். "நீயும் வந்து ஏறும்மா. ரெண்டு பேருமே அவன்கிட்ட மன்னிப்பு கேக்கணும்."