மிதந்த பழமும் மூழ்கிய பதிலும்

பள்ளி விட்ட பிறகு ஐந்தாம் வகுப்பில் ஒரு ரகசியக் கூட்டம் நடந்தது. கதவைச் சாத்திவிட்டுக் கரும்பலகைக்கு முன்னால் வந்து நின்றான் லீடர். அவன்தான் வகுப்புத் தலைவன். தூங்கும்போது யாராவது 'லீடர்' என்று கூப்பிட்டாலும் எழுந்து நின்று, "அமைதி!" என்று கத்துவான் என அவன் அண்ணனே சொல்லியிருக்கிறான்.

"எல்லாரும் கேட்டுக்குங்க. நாளைக்கு அறிவியல் டீச்சரோட வகுப்பைப் பாக்க இன்ஸ்பெக்‌ஷன் மேடம் வர்றாங்க. நம்ம டீச்சர் தற்காலிகமாத்தான் வந்திருக்காங்க. மேடத்துக்குப் பிடிச்சிருந்தா இங்கயே இருப்பாங்க. பிடிக்கலன்னா அடுத்த மாசம் வேற டீச்சர்."

அறிவியல் டீச்சர் போய்விடுவாரா? மற்ற வகுப்புகளில் மணி அடித்தால் பிள்ளைகள் 'அப்பாடா' என்பார்கள். இவர் வகுப்பில் மட்டும்தான் 'ஐயோ' என்பார்கள்.

"அதனால நாளைக்கு யாரும் சத்தம் போடக் கூடாது. சிரிக்கக் கூடாது. தப்பா பதில் சொல்லவே கூடாது. மிதக்கிறது, மூழ்குறது பாடத்தை நான் அண்ணன்கிட்ட கேட்டு மனப்பாடம் பண்ணிட்டு வர்றேன். டீச்சர் கேட்டா நான் மட்டும் எந்திரிச்சுச் சொல்றேன்."

"அப்ப நாங்க?"

"நீங்க அறிவாளி மாதிரி உக்காந்திருங்க, போதும்."

பிறகு அவன் கடைசி பெஞ்சைப் பார்த்தான். எல்லாத் தலைகளும் அந்தப் பக்கம் திரும்பின. அங்கே இருந்தவள் கேள்விக்குறி. ஒன்று சொன்னால் ஒன்பது கேட்பதால் அவளுக்கு அந்தப் பெயர்.

"நாளைக்கு ஒரு நாள் மட்டும் நீ வாயைத் திறக்கக் கூடாது. டீச்சருக்காக."

"ஏன்?" என்றாள் கேள்விக்குறி.

"பாத்தியா, பாத்தியா! இதைத்தான் சொல்றேன்!"

வகுப்பு சிரித்தது. கேள்விக்குறிக்கும் சிரிப்பு வந்தது. ஆனால் டீச்சர் போய்விடுவார் என்று நினைத்ததும் சிரிப்பு நின்றுவிட்டது. டீச்சருக்காக ஒரு நாள் என்ன, ஒரு வாரம்கூடப் பேசாமல் இருக்கலாம். "சரி, பேசல," என்று தலையாட்டினாள்.

அன்று இரவு சாப்பிடும்போது அப்பாவிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டுக் கேட்டாள். அப்பா ஒரு பெரிய ஆஸ்பத்திரி கேன்டீனில் சமையல்காரர்.

"அப்பா, உங்க சமையல் நல்லா இருக்கான்னு எப்படிக் கண்டுபிடிப்பீங்க?"

"பரிமாறுற இடத்துல ஒரு ஜன்னல் இருக்குல்ல? அது வழியா சாப்பிடுறவங்க முகத்தைப் பாப்பேன்."

"அவங்ககிட்டயே கேக்கலாமே?"

"கேட்டா, நல்லா இருக்குன்னுதான் எல்லாரும் சொல்லுவாங்க. நம்ம மனசு நோகக் கூடாதுன்னு சொல்றது அது. இன்னும் கொஞ்சம் வைங்கன்னு தட்டை நீட்டுறாங்களா? அப்பத்தான் எனக்கு நிம்மதி." அப்பா அவள் தட்டைப் பார்த்தார். "பேச்சு பேச்சா இருக்கட்டும், சாப்பிடு!"

மறுநாள் காலையில் இன்ஸ்பெக்‌ஷன் மேடம் வந்தார். கையில் ஒரு ஃபைல், காதோரம் ஒரு பேனா. நேராகக் கடைசி பெஞ்சுக்குப் போய்க் கேள்விக்குறிக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். பெஞ்ச் சின்னது, மேடம் பெரியவர். முழங்கால்களை எங்கே வைப்பது என்று தெரியாமல் சிறிது நேரம் திண்டாடினார். கேள்விக்குறி உதட்டைக் கடித்துச் சிரிப்பை அடக்கிக்கொண்டாள்.

டீச்சர் ஒரு கண்ணாடித் தொட்டியில் தண்ணீரும் ஒரு கூடை ஆரஞ்சுப் பழங்களும் கொண்டுவந்திருந்தார். ஒரு பழத்தை உயர்த்திக் காட்டினார்.

"இதைத் தண்ணியில போட்டா என்ன ஆகும்? யாருக்கு என்ன தோணுது, சொல்லுங்க பாப்போம்!"

மற்ற நாளாக இருந்தால் இந்நேரம் கூரை பறந்திருக்கும். இன்று லீடர் மட்டும் விருட்டென்று எழுந்தான்.

"மிதக்கும் டீச்சர். அதன் தோலில் காற்று இருப்பதால் மிதக்கும். தோலை உரித்துவிட்டால் மூழ்கும். நன்றி டீச்சர்."

ஒரே மூச்சில் சொல்லிவிட்டு உட்கார்ந்தான். பாடம் அங்கேயே முடிந்துவிட்டது. பழம் இன்னும் தண்ணீரைத் தொடவே இல்லை!

டீச்சர் பழமும் கையுமாக நின்றார். "வேற யாருக்காவது... வேற மாதிரி தோணுதா?"

ஒருவரும் அசையவில்லை. எல்லாரும் அறிவாளி மாதிரி உட்கார்ந்திருந்தார்கள். டீச்சர் பழத்தைத் தொட்டியில் போட்டார். அது மிதந்தது. இன்னொன்றை உரித்துப் போட்டார். அது மூழ்கியது. ஒரு 'ஆ' இல்லை, ஒரு 'அட' இல்லை. டீச்சரின் முகம் வாடிப்போயிற்று.

கேள்விக்குறி ஓரக்கண்ணால் மேடத்தைப் பார்த்தாள். அவர் டீச்சரையும் பார்க்கவில்லை, தொட்டியையும் பார்க்கவில்லை. பிள்ளைகளின் முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு வந்தார். பேனா இன்னும் காதோரத்திலேயே இருந்தது.

கேள்விக்குறிக்குத் தூக்கிவாரிப் போட்டது. இது அப்பாவின் ஜன்னல் பார்வை அல்லவா! மேடம் சாப்பிடுகிறவர்களைப் பார்க்கிறார். ஆனால் இங்கே ஒருவர்கூடத் தட்டை நீட்டவில்லையே!

அவளுக்குள் ஒரு கேள்வி வேறு குடைந்துகொண்டிருந்தது. தொட்டிக்குள் பழம் மூழ்கியதிலிருந்து அது அவளைச் சும்மா விடவில்லை. வாக்குக் கொடுத்தாயிற்று. ஆனால் யாருக்காகக் கொடுத்தாள்? டீச்சருக்காகத்தானே?

கேள்விக்குறி எழுந்து நின்றாள். லீடர் திரும்பிப் பார்த்து, கண்ணாலேயே 'உட்காரு, உட்காரு' என்று கெஞ்சினான்.

"டீச்சர், எனக்குப் புரியல."

லீடர் தலையில் கை வைத்துக்கொண்டான்.

"தோலை உரிச்சா பழத்தோட எடை குறைஞ்சிடுதே. கனமா இருந்தப்ப மிதந்துச்சு. எடை குறைஞ்சதும் எப்படி மூழ்குது?"

டீச்சரின் முகத்தில் விளக்குப் போட்ட மாதிரி வெளிச்சம் வந்தது. "அதானே! எப்படி? லீடர், நீ என்னப்பா சொல்ற?"

லீடர் எழுந்தான். வாயைத் திறந்தான். மூடினான். அண்ணன் இதைச் சொல்லிக்கொடுக்கவில்லை. "அது வந்து... டீச்சர்... எனக்கும் தெரியல."

அவ்வளவுதான், அணை உடைந்தது!

"பழத்துக்குள்ள சாறு இருக்குல்ல, அதான் கனம்!"

"தோலோட இருந்தப்பவும் அதே சாறுதானேடா இருந்துச்சு?"

"அப்ப தோலை மட்டும் போட்டுப் பாக்கலாம் டீச்சர்!"

டீச்சர் பதில் சொல்லவே இல்லை. ஆளுக்கொரு பழத்தை எடுத்து நீட்டினார். "நீங்களே பாருங்க. வாங்க, வாங்க!"

பெஞ்சுகள் காலியாயின. தோலை மட்டும் போட்டார்கள். ஜம்மென்று மிதந்தது. பாதித் தோல் உரித்துப் போட்டார்கள். பழம் ஒரு பக்கமாகச் சாய்ந்துகொண்டு தத்தளித்தது. ஒரே கூச்சல், ஒரே கும்மாளம்.

அப்போது கூட்டத்தின் ஓரத்திலிருந்து மெல்லிய குரல் ஒன்று கேட்டது. கமுக்கம் என்று வகுப்பில் பெயர் வாங்கியவள்! வருகைப் பதிவுக்கு 'உள்ளேன்' என்பதைத் தவிர வகுப்பில் வேறு எதுவும் பேசாதவள்.

"நீச்சல் கத்துக்கப் போனப்ப எனக்குக் காத்தடைச்ச சட்டை போட்டுவிட்டாங்க. கொஞ்சம் கனம்தான், ஆனா அதோட மிதந்தேன். கழட்டுனா மூழ்கிடுவேன். பழத்துக்குத் தோலும் அந்த மாதிரியா டீச்சர்?"

"திரும்ப மாட்டிவிட்டுப் பாத்தா தெரிஞ்சிடும்!" என்று கேள்விக்குறி குதித்தாள். யாரோ தலையிலிருந்து ரப்பர் பேண்டைக் கழற்றிக் கொடுத்தார்கள். உரித்த பழத்துக்கு மறுபடி தோலைச் சுற்றி, ரப்பர் பேண்ட் போட்டு, லீடரே தொட்டிக்குள் போட்டான்.

பழம் உள்ளே போனது. மெதுவாக மேலே வந்தது. மிதந்தது!

"ஹேய்ய்ய்!" லீடர் எம்பிக் குதித்ததில் முழங்கை தொட்டியில் பட்டது. தண்ணீர் தளும்பி யார் மேலோ கொட்டியது. எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள்.

இன்ஸ்பெக்‌ஷன் மேடம்! எப்போது எழுந்து வந்தாரோ, கூட்டத்துக்கு நடுவில் எட்டிப் பார்த்துக்கொண்டு நின்றார். முகத்திலிருந்து தண்ணீர் சொட்டியது.

"ஒரு எலுமிச்சம்பழம் போட்டா என்ன ஆகும்?" என்றார் அவர்.

யாரும் பதில் சொல்வதற்குள் மணி அடித்துவிட்டது. "ஐயோ!" என்றது வகுப்பு முழுக்க. எல்லார் குரலையும்விட மேடத்தின் 'ஐயோ' சத்தமாகக் கேட்டது.

வாசலில் தலைமையாசிரியர் காத்திருந்தார். நனைந்திருந்த மேடத்தைப் பார்த்து அவர் முகம் வெளிறியது. "மேடம், வகுப்பு எப்படி...?"

"ஆரம்பத்துல ரொம்ப அமைதி. பயந்துட்டேன்," என்றார் மேடம். காதோரத்துப் பேனாவை எடுத்தார். "இந்த டீச்சரை எங்கயும் விட்டுடாதீங்க. அடுத்த தடவை நான் மாத்துத் துணியோட வர்றேன்."

வகுப்பு போட்ட ஆரவாரத்தில் பக்கத்து வகுப்பு ஆசிரியர் ஓடிவந்து பார்த்துவிட்டுப் போனார். லீடர் 'அமைதி' என்று சொல்லவில்லை. எல்லாரையும்விட அதிகமாகக் கத்தியதே அவன்தான்.

அன்று இரவு அப்பா ஆவலோடு கேட்டார். "என்ன ஆச்சும்மா? டீச்சர் இருக்காங்களா, போறாங்களா?"

கேள்விக்குறியின் வாய் நிறையச் சோறு. அவள் கண் இரண்டும் மின்ன, தட்டை அப்பாவிடம் நீட்டினாள். அப்பாவுக்குப் புரிந்துவிட்டது.